கதைக்குள் வைத்த பெயர்

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கென்று வரும் படக்கதைப் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. அது கடையில் அடுக்கி வைத்திருக்கும் புத்தகம் அல்ல. வாங்குபவர் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். சில வேளைகளில் பிறந்தநாள், ஊர், தோழர்களின் பெயர், நிழற்படம் ஆகியவற்றையும் தர வேண்டும். சில நாட்களில் அந்தக் குழந்தையே நாயகனாகவோ நாயகியாகவோ உலவும் புத்தகம் ஒன்று அச்சாகி வீடு தேடி வரும். உன் பெயர் கொண்ட உன் கதை என்பதே அதன் கவர்ச்சி. பெயர் பதித்த புத்தகம் என்று இதனை இக்கட்டுரையில் அழைப்போம்.

இதனை வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் குழந்தைக்கும் அதன் பெயருக்கும் உள்ள உறவு அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியைப் பிற பெயர்களிலிருந்து பிரித்தறிகிறது. அதைக் கேட்கும்போது கூடுதல் நேரம் செவி கொடுக்கிறது. 1995இல் வெளியான உளவியல் ஆய்வொன்று இதனை நிறுவியது. 'அம்மா' என்று சொல்ல வருவதற்கு முன்பே குழந்தைக்குத் தன் பெயரின் ஒலி பழகிவிடுகிறது. இத்தனை வலிமை வாய்ந்த ஒன்றைக் கதைக்குள் யார் வைக்கிறார்கள், எதற்காக வைக்கிறார்கள், வைத்த பின் அப்பெயர் யாருடையதாகிறது? இம்மூன்று கேள்விகளோடு இவ்வகைப் புத்தகங்களின் வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

வரலாறு கணினியோடு தொடங்கவில்லை. 1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டில், கணித ஆசிரியரான சார்லஸ் டாட்ஜ்சன் தம் நண்பர் டக்வொர்த்துடன் மூன்று சிறுமிகளைப் படகில் அழைத்துச் சென்றார். கல்லூரித் தலைவர் லிடெலின் மகள்கள் அவர்கள். நடுப்பெண் ஆலிஸுக்கு வயது பத்து, மழலையைக் கடந்தவள்தான். படகில் சொன்ன கதையில் முயல் வளைக்குள் விழுந்தவளுக்கும் ஆலிஸ் என்றே பெயர். அதை எழுதித் தருமாறு ஆலிஸ் கேட்டாள். டாட்ஜ்சன் தம் கையாலேயே எழுதி, தாமே 37 படங்கள் வரைந்து, 1864 நவம்பரில் அந்தக் கையெழுத்துப் பிரதியை அவளுக்கு அளித்தார். அதன் இறுதிப் பக்கத்தில் ஆலிஸின் நிழற்படத்தையும் ஒட்டியிருந்தார். பெயர், படம், ஒரே பிரதி என்று இன்றைய பெயர் பதித்த புத்தகத்தின் எல்லா உறுப்புகளும் அதில் உண்டு.

1865இல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அதனை அச்சிட்டபோது அவர் செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. 1862ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு படகுப் பயணத்தில் அவர்கள் மழையில் நனைந்து, வழியில் ஒரு வீட்டில் ஒதுங்கி உலர்ந்திருந்தார்கள். அந்நிகழ்ச்சியின் சாயல் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. அச்சில் அதை நீக்கிவிட்டு, எல்லோரும் வட்டமாக ஓடும் வேடிக்கைப் பந்தயத்தை வைத்தார். சிரிக்கும் பூனையும் பைத்தியக்காரத் தேநீர் விருந்தும் அச்சில்தான் சேர்ந்தன. அதாவது, ஆலிஸுக்கு மட்டுமே புரியக்கூடிய சிலவற்றை எடுத்துவிட்டு, யாரும் நுழையக்கூடிய இடங்களைக் கட்டினார். பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் பெயரை ஆலிஸ் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். கணவர் இறந்தபின், 1928இல் கையெழுத்துப் பிரதியை ஏலத்தில் விற்றார். 15,400 பவுண்டுக்கு அது விலைபோயிற்று. 1932இல் கரோலின் நூற்றாண்டை ஒட்டி எண்பது வயதில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டத்தைப் பெற்றார். அந்தக் கொண்டாட்டங்களின்போது, அற்புத உலகத்து ஆலிஸாக இருந்து இருந்து அலுத்துவிட்டதாகத் தம் மகனுக்கு எழுதினார். அவர் பேச்சில் நன்றிகெட்டதனம் இல்லை. எழுபது ஆண்டுகளின் களைப்பே இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி 1893இல் நடந்தது. பியாட்ரிக்ஸ் பாட்டர் தம் முன்னாள் ஆசிரியையின் மகனான நோயெல் மூர் என்ற ஐந்து வயதுச் சிறுவன் உடல்நலமின்றிப் படுத்திருப்பதை அறிந்து, செப்டம்பர் 4ஆம் நாள் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, ஆகவே நான்கு முயற்குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்ற பொருளில் அது தொடங்குகிறது. வரிகளுக்கிடையே கோட்டோவியங்கள். நோயெல் அதைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தான். கதையைப் புத்தகமாக்க எண்ணியபோது பாட்டர் அக்கடிதத்தை அவனிடமே இரவல் வாங்கிப் படியெடுக்க வேண்டியிருந்தது. பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901 டிசம்பரில் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். 1902இல் ஃப்ரெடெரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. பீட்டர் முயலின் கதை என்று உலகம் அறிந்த புத்தகம் அதுவே.

அந்தக் கதைக்குள் நோயெல் என்ற பெயர் எங்கும் வரவில்லை. கடிதத்தின் விளியில் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் அது அவனுக்கென்றே எழுதிய கதை என்பதில் யாருக்கு ஐயம் வரும்? படுக்கையை விட்டு எழ முடியாத சிறுவனுக்கு, சொல்பேச்சு கேளாமல் தோட்டத்துக்குள் ஓடி, உயிர்தப்பி வீடு திரும்பி, தாயின் கையால் மருந்து குடித்துப் படுக்கையில் கிடக்கும் முயற்குட்டியைப் பாட்டர் அனுப்பி வைத்தார். குழந்தையின் நிலையை அறிந்து சொன்ன கதைக்கு அதன் பெயர் தேவைப்படவில்லை.

ருட்யார்ட் கிப்ளிங்கிடம் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. அவருடைய மூத்த மகள் ஜோசஃபின் 1892 இறுதியில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்தவள். வீட்டில் எஃபி என்று அழைத்தார்கள். உறங்கும் வேளையில் அவளுக்குச் சில கதைகளை ஒரு சொல்லும் மாறாமல் சொல்ல வேண்டும், மாறினால் விழித்துக்கொண்டு திருத்திவிடுவாள் என்று 1897இல் 'செயின்ட் நிக்கலஸ்' இதழில் கிப்ளிங் எழுதினார். 'ஜஸ்ட் ஸோ ஸ்டோரிஸ்' என்ற நூலின் பெயர் இந்தப் பிடிவாதத்திலிருந்து வந்தது. 1899 மார்ச் மாதம், நியூயார்க்கில், நிமோனியா காய்ச்சலில் ஜோசஃபின் ஆறு வயதில் இறந்துபோனாள். நூல் 1902இல் வெளிவந்தது. அதில் முதற்கடிதம் எழுதப்பட்ட விதத்தையும் நெடுங்கணக்கு பிறந்த விதத்தையும் சொல்லும் கதைகளில் வரும் டாஃபி என்ற சிறுமி ஜோசஃபினின் சாயல் கொண்டவள். தந்தையும் மகளும் சேர்ந்து விளையாட்டாக எழுத்துகளைக் கண்டுபிடிக்கிறார்கள். மகளின் பெயரை அவர் வைக்கவில்லை. இழந்த குழந்தையை ஊர் அறிய அழைக்க மனம் வராமல் போயிருக்கலாம் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

பெயரின் விலை முழுமையாகத் தெரிந்தது கிறிஸ்டோபர் ராபின் மில்ன் என்பவரின் வாழ்க்கையில்தான். அவர் 1920இல் பிறந்தார். தந்தை ஏ. ஏ. மில்ன் 1924இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுதியில் அவர் பெயர் வந்தது. 1926இலும் 1928இலும் வந்த 'வின்னி த பூ' கதை நூல்களில் அவரும் அவருடைய பொம்மைக் கரடியும் நாயகர்கள் ஆனார்கள். வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவரை யாரும் கிறிஸ்டோபர் ராபின் என்று அழைத்ததில்லை. பில்லி என்பது வீட்டுப்பெயர். குடும்பப் பெயரை மழலையில் 'மூன்' என்று உச்சரித்ததால் பில்லி மூன் ஆனார். புத்தகத்துக்குச் சென்றது பதிவேட்டுப் பெயர். வீட்டில் புழங்கிய பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

உறைவிடப் பள்ளியில் மற்ற மாணவர்கள் இதற்காக அவரைக் கேலி செய்தார்கள். சிறுவயதில் அவர் குரலில் பதிவான இசைத்தட்டை அடுத்த அறை மாணவர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்களாம். சலித்துப்போய் ஒருநாள் அதை அவரிடமே கொடுத்தபோது, அவர் அதைத் துண்டு துண்டாக உடைத்துத் தொலைவிலிருந்த வயலில் எறிந்தார். பின்னாளில் டார்ட்மத் நகரில் புத்தகக் கடை நடத்தி, 1974இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். தந்தை தம் நற்பெயரைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவருடைய மகன் என்ற வெற்றுப் புகழை மட்டும் விட்டுச் சென்றதாக ஒரு காலத்தில் தமக்குத் தோன்றியதாகவும் சொல்கிறார். மூன்று வயதில் யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொருள் விளங்கியிராது.

இந்நால்வர் கதையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கதை ஒரு குழந்தைக்கென்று பிறந்து பின்னர் எல்லோருக்கும் உரியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஓட்டம் தலைகீழானது. எல்லோருக்கும் பொதுவாக எழுதிய கதை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே உரியது போல அச்சாகத் தொடங்கியது.

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இயங்கிய 'மீ-புக்ஸ்' நிறுவனம் இவ்வகையில் முன்னோடி. 'என் நேசமிகு ஒட்டகச்சிவிங்கி' என்று பொருள்படும் தலைப்பு அவர்களுடையவற்றுள் ஒன்று. படங்கள் முன்கூட்டியே வண்ணத்தில் அச்சாகியிருக்கும். பெற்றோர் நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து குழந்தையின் பெயர், வசிக்கும் தெரு, தோழர்கள், வளர்ப்புப் பிராணி ஆகிய விவரங்களைக் கணினி எடுத்து, வாக்கியங்களில் விட்டிருக்கும் வெற்றிடங்களில் நிரப்பி, படங்களுக்கிடையே அச்சிடும். கணினி என்றால் ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம் என்றிருந்த காலத்தில், ஒரு நாலு வயதுக் குழந்தையின் நாய்க்குட்டியின் பெயர் அதன் வழியாக அச்சேறியது என்பது வியப்புக்குரியதே. அடுத்த இருபதாண்டுகளில் மேசைக்கணினியும் லேசர் அச்சுப்பொறியும் பரவியபின் இத்தொழில் சிறு கடைக்காரர்களின் கைக்கும் வந்தது. கதை மட்டும் அநேகமாக மாறவில்லை. பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை வைத்தால் ஒன்றும் குறையாது என்பதே இக்கதைகளின் இலக்கணமாக இருந்தது.

அச்சு வார்ப்பில் பெயரை நிரப்புவதே குற்றம் என்று தமிழ் படித்தவன் சொல்லிவிட முடியாது. நம் பிள்ளைத்தமிழும் ஒருவகை வார்ப்புத்தான். காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் பொது. கடைசி மூன்று மட்டும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் பெண்பாலுக்கு வேறாகவும் அமையும். ஆண் குழந்தைக்கு ஒரு பதிப்பு, பெண் குழந்தைக்கு ஒரு பதிப்பு என்ற இன்றைய ஏற்பாட்டை நம் பாட்டியல் ஆசிரியர்கள் பார்த்தால் புன்னகைப்பார்கள். பாட்டுடைத் தலைவராகத் தெய்வமோ அரசரோ இருப்பார். பெயர் மாறும், பருவம் மாறாது. ஆனால் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை எடுத்து, மீனாட்சி என்று வருமிடங்களில் வேறொரு பெயரை வைத்துப் பாருங்கள். மதுரையும் வையையும் பாண்டியர் மரபும் பாட்டின் நரம்பாக ஓடுவதால் அது அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே பொருந்தும். வார்ப்பு பொதுவாக இருக்கலாம். அதில் வார்ப்பது அந்தக் குழந்தையின் உலகமாக இருக்க வேண்டும்.

இந்தக் குறையை உணர்ந்து செய்த முயற்சி ஒன்று லண்டனில் 2012இல் தொடங்கியது. ஆசி ஷராபி என்பவரின் மகளுக்குப் பெயர் பதித்த புத்தகம் ஒன்று பரிசாக வந்தது. தன் பெயரைக் கண்டு மகள் மகிழ்ந்ததைப் பார்த்தவர், புத்தகத்தின் தரத்தைப் பார்த்து ஏமாற்றமடைந்தார். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து அவர் உருவாக்கியது, தன் பெயரைத் தொலைத்த குழந்தையின் கதை. பெயரைத் தேடிப் புறப்படும் குழந்தை வழியில் பல பாத்திரங்களைச் சந்திக்கிறது. ஒவ்வொன்றும் தன் பெயரின் முதலெழுத்தைப் பரிசாகத் தருகிறது. இறுதியில் எழுத்துகள் கூடிக் குழந்தையின் பெயராகின்றன. ஆகவே பெயர் மாறினால் கதைமாந்தரும் வழியும் மாறுவர். ஒரே எழுத்து இருமுறை வரும் பெயர்களுக்காக மாற்றுப் பாத்திரங்களையும் படைத்திருந்தார்கள். 2014இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சியில் நான்கு விழுக்காட்டுப் பங்குக்கு ஒரு லட்சம் பவுண்டு முதலீடு பெற்று அந்நிறுவனம் புகழடைந்தது. 'லாஸ்ட் மை நேம்' என்றிருந்த நிறுவனப் பெயர் 2017இல் 'வொண்டர்ப்ளி' ஆயிற்று. பெயரை வெற்றிடத்தில் நிரப்பாமல் பெயரிலிருந்தே கதையைப் பிறப்பித்தது இவ்வகை வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் என்பேன்.

இந்த உத்தியைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர் நன்னூலைத் திறக்க வேண்டியிருக்கும். வள்ளி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வ, ள், ளி என மூன்று எழுத்து. வகரத்துக்கு வண்ணத்துப்பூச்சி வந்துவிடும். ளகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. மெய்யெழுத்து எதுவுமே தனித்து வராது. 'ள்' என்று தொடங்கும் ஒரு விலங்கையும் காட்ட முடியாது. ஆனால் தமிழில் சொல்லின் இறுதிக்கு வரும் எழுத்துகளைப் பயன்படுத்தினால் வழி பிறக்கிறது. தேள் தன் வாலெழுத்தைக் கொடுக்கட்டும், கிளி தன் கடைசி எழுத்தைக் கொடுக்கட்டும், வள்ளி கிடைத்துவிடுவாள். அந்தாதி தெரிந்த மொழிக்கு இது இயல்பான வழிதானே!

வெற்றிடத்தை நிரப்பும் பழைய முறையும் தமிழில் அவ்வளவு எளிதன்று. ஆங்கிலத்தில் பெயர் எந்த இடத்திலும் உருமாறாது. தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்ததும் மாறும். முருகன் முருகனை ஆவான். மீனா மீனாவை ஆவாள். வள்ளிக்கு யகர உடம்படுமெய் வேண்டும். கார்த்திக்குக்கு ஒற்று இரட்டிக்க வேண்டும். வினைமுற்றிலும் ஓடினான், ஓடினாள் என்று பால் காட்டியாக வேண்டும். இவற்றை அறியாத வார்ப்பில் குழந்தையின் பெயர் ஒட்டுப் போட்ட துணிபோலத் துருத்தி நிற்கும். தாலாட்டுப் பாடும் தாய்க்கு இந்தச் சிக்கலே இல்லை. பிள்ளையின் பெயரையும் மாமன் கொண்டுவரும் சீரையும் பாட்டில் சேர்க்கும்போது, இலக்கணம் அவள் நாவில் தானாக நடக்கிறது.

இப்புத்தகங்களால் குழந்தைக்கு நன்மை உண்டா? இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடாலியா குசிர்கோவா முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி செல்லா வயதுக் குழந்தைகள், தம்மைப் பற்றிய விவரங்கள் வரும் பகுதிகளிலுள்ள புதிய சொற்களை மற்றப் பகுதிகளிலுள்ளவற்றை விட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதே வேளையில், அத்தகைய புத்தகத்தைப் படிக்கும்போது அவர்களுடைய பேச்சு தம்மைப் பற்றியே அதிகம் சுழன்றது. சிறிய அளவிலான ஆய்வுகள் இவை. எனினும் முதல் முடிவு ஆசிரியருக்கு உவப்பானது. இரண்டாவது சிந்திக்க வைப்பது. கதை கேட்பதன் பெரும்பயன், கொஞ்ச நேரம் இன்னொருவராக இருந்து பார்ப்பது. சிங்கத்தின் வாயில் அகப்பட்ட முயலாகவும், காட்டில் வழிதவறிய பெண்ணாகவும் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறது குழந்தை. எல்லாக் கதையிலும் தானே நாயகன் என்று பழகிவிட்டால், பிறர் துன்பத்துக்குள் நுழைய அது எங்கே பயிலும்? ஒன்றிரண்டு புத்தகங்கள் பெயர் பதித்தவையாக இருப்பதில் கேடில்லை. அலமாரி முழுதும் கண்ணாடியாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

இக்கவலைக்கு இப்போது காரணம் கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், ஓரிரு வரிகளில் விருப்பத்தைச் சொன்னால் பத்துப் பக்கப் படக்கதையை உருவாக்கி, வாசித்தும் காட்டும் வசதியைத் தன் ஜெமினி செயலியில் கொண்டுவந்தது. நிழற்படத்தையோ குழந்தை வரைந்த படத்தையோ அதற்குக் கொடுக்கலாம். மில்ன் பெயரை மட்டும் கொடுத்தார். இன்றைய பெற்றோர் பெயரோடு முகத்தையும், அச்சங்களையும், உறங்க மறுக்கும் பழக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அவை எங்கே தங்கும், எவ்வளவு காலம் தங்கும் என்பதைக் குழந்தை கேட்கப் போவதில்லை. கிறிஸ்டோபர் ராபினைப் போல, வளர்ந்தபின்தான் கேட்கும்.

ஆகவே தொழில்நுட்பத்தை வைத்து இப்புத்தகங்களை எடை போடுவது பயன் தராது. பாட்டரின் கடிதத்தை உரைகல்லாகக் கொள்ளலாம். குழந்தையின் பெயரை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது அந்தக் குழந்தைக்கான கதையாகவே இருக்கிறதா? இருக்குமானால், அதைச் செய்தவர் குழந்தையை அறிந்தவர். கணினியின் உதவியோடு செய்திருந்தாலும் பாதகமில்லை. பெயரை நீக்கியதும் கதையில் ஒன்றும் மிஞ்சவில்லையென்றால், குழந்தைக்குக் கிடைத்தது அதன் பெயர் மட்டுமே. அது ஏற்கெனவே குழந்தையிடம் இருப்பதுதான்.